எங்கள் அப்பத்தா

நம் கல்லூரிச் சுற்றுலாவின்போது தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்தின் முன் நண்பர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் அப்பத்தா வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் அது. தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறையில் தாத்தா மூட்டை சுமந்தார்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த ரயிலையே விழுங்கிய புயல், அவர்களுடைய மூத்த பிள்ளையையும் கொண்டுபோயிற்று. கைக்குழந்தையான என் தந்தையை முந்தானையால் உடம்போடு கட்டிக்கொண்டு, விடியும்வரை மணல்மேட்டில் கிடந்தாளாம் அப்பத்தா.

பிறகு இராமேஸ்வரத்தில் ஓலைக் குடிசை. தாத்தா அதன்பின் வேலைக்கே போகவில்லை. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அப்பத்தா கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றினாள். என் தந்தையைப் படிக்க வைத்ததும், தாத்தாவுக்குக் கடைசிவரை சோறு போட்டதும் அந்தக் கூடைதான். ஒரு நாளாவது அவரைக் கடிந்து பேசியதுண்டா என்றால், இல்லை. "உனக்குக் கோபமே வரலையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அவுக கையிலருந்துதான் அப்பு, மூத்தவன் நழுவிப் போனான். அந்த மனுசன நான் வேற என்னத்தக் கேக்குறது?" என்றாள்.

சென்ற மார்கழியில் காற்று பலமாக அடித்த ஓர் இரவு, என் சட்டை நுனியைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டு உறங்கினாள். தை பிறக்குமுன் போய்விட்டாள்.