அப்பாவும் ஒரு ட்ரைலரும்

பரீட்சைக்குப் படிக்காமல் இருக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். போன செமஸ்டரில் எனக்குக் கிடைத்த காரணத்தின் நீளம் 40 அடி :-)

எங்க ஊர் சங்ககிரி. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் லாரித் தொழிலில் ஒருத்தர் இருப்பார். எங்க வீட்டில் அப்பா. 18 வருஷம் அடுத்தவங்க வண்டியை ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு டாரஸ் வாங்கினார். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. அது பழசானதும் விற்றுவிட்டு, ட்ரைலர் இழுக்கிற வண்டியாக ஒன்றை செகண்ட் ஹேண்டில் பிடித்தார். அதன் பின்னால் எந்த ட்ரைலரை மாட்டுவது? இதுதான் கேள்வி. பணத்துக்கு வீட்டுப் பத்திரம் ஃபைனான்ஸில் போகணும். அதனால் இது வண்டி விஷயம் மட்டும் இல்லை.

நான் பி.காம் இரண்டாம் வருஷம். எக்ஸெல் தெரியும் என்ற திமிரில் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதலில் கேஸ் டேங்கர். நாமக்கல்லில் அதற்கு இருக்கிற மவுசு தெரிந்ததுதான். போக வர கிலோமீட்டருக்குச் சேர்த்தே வாடகை வரும், அதனால் காலியாகத் திரும்புகிற கவலை இல்லை. ஆனால் ஆயில் கம்பெனி டெண்டரில் வண்டி இருந்தால்தான் ஓட்டம். எக்ஸ்ப்ளோசிவ் லைசென்ஸ், டேங்க் டெஸ்ட், டிரைவருக்கு 3 நாள் பயிற்சி என்று தனிச் செலவுகள் வேறு. 2025 மார்ச்சில் டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்து தென்மாநில டேங்கர்காரங்க வேலைநிறுத்தம் செய்தாங்க. பத்து வண்டிக்காரர் தாங்குவார். ஒரே வண்டிக்காரர்? அந்த டேங்கில் கேஸைத் தவிர வேற எதையும் ஏற்ற முடியாதே!

அடுத்தது 40 அடி பிளாட்பெட். இரும்புக் கம்பி, பைப், தகடு எல்லாம் ஏறும். ட்விஸ்ட் லாக் வைத்துவிட்டால் தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னரும் எடுக்கலாம். ஆனால் எல்லோரிடமும் இந்த ட்ரைலர் இருக்கிறது, வாடகையில் போட்டி ஜாஸ்தி.

மூன்றாவது லோ பெட். பிளாட்பெட்டின் தளம் தரையிலிருந்து சுமார் 5 அடி, இதில் 3 அடிதான். 20 டன் பொக்லைன் ஒன்று சுமார் 3 மீட்டர் உயரம் இருக்கும். அதைப் பிளாட்பெட்டில் ஏற்றினால் பாலமும் கரண்ட் கம்பியும் பயமுறுத்தும், லோ பெட்டில் தப்பிக்கலாம். வாடகையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் எக்ஸெல் ஷீட் லோ பெட் என்று பச்சைக் கலரில் தீர்ப்புச் சொன்னது.

பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "வெறும் வண்டி வர்ற கிலோமீட்டர் இதுல எங்க அம்மிணி?"

இல்லைதான். உதாரணத்துக்கு 500 கிலோமீட்டர் தூரம் வைத்துக்கொள்வோம். பிளாட்பெட்டில் கிலோமீட்டருக்கு 50 ரூபாய், ரிட்டன் லோடும் உண்டு என்றால் 50,000. லோ பெட்டில் 90 ரூபாய், ஆனால் திரும்பும்போது காலி என்றால் 45,000. காலியாக வந்தாலும் டீசலும் டோலும் நம்மை விடாது. அதோடு பொக்லைன் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டினால் தனி அனுமதிக்குக் காத்திருக்கணும். டியூ காத்திருக்காது.

எடைக் கணக்கும் அவர்தான் சொன்னார். 2018-ல் ஆக்ஸில் எடையை உயர்த்தினாங்க. முன் அச்சு 7 டன், பின் அச்சு 11.5, ட்ரைலரின் மூன்று அச்சும் சேர்ந்து 27, மொத்தம் 45.5 டன். முன்னால் இது 40.2. இதற்குள்ளேதான் வண்டியின் எடையும் அடங்கும். ட்ரைலர் கனமாக இருந்தால் அந்த அளவுக்குச் சரக்கு குறையும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவர் இதை வாயிலேயே கூட்டினார்.

அப்போ பிளாட்பெட்தானே என்றேன். அப்பா பேசவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாங்க: "மறுபடியும் தார்ப்பாய் கட்ட மேல ஏறோணுமா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் மழையில் தார்ப்பாய் கட்டும்போது அப்பா லோடு மேலிருந்து விழுந்தார். முழங்கால் இன்னும் சரியாகவில்லை. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதை நாங்க பார்ப்போம், அவர் நாங்க பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். என் ஷீட்டில் டயர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. முழங்காலுக்கு இல்லை.

கடைசியில் அப்பா வாங்கியது செமி லோ பெட். தளம் லோ பெட்டைவிட உயரம், பிளாட்பெட்டைவிடத் தாழ்வு. ரோடு ரோலர், ஜேசிபி, மெஷின் இதெல்லாம் போகும்போது. திரும்பும்போது இரும்பு, பைப் கிடைத்தால் எடுக்கலாம். பெரும்பாலும் தார்ப்பாய் வேலை கிடையாது, தரையில் நின்றே சங்கிலி போட்டு இறுக்கலாம். பெரிய பொக்லைன் வந்தால் விட்டுவிடுவார், பிளாட்பெட் அளவுக்கு ரிட்டன் லோடும் கிடைக்காது.

ஏழு மாசம் ஆகிறது. இரண்டு மாசம் நன்றாக ஓடியது, ஒரு மாசம் டியூ கட்ட அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்த் திரும்பியது. சரியான முடிவா என்று இன்னும் தெரியாது. போன வாரம் வீட்டுக்கு வந்தவர் படியேறும்போது கவனித்தேன். இன்னமும் சுவரைத்தான் பிடிக்கிறார். ஆனால் நடுவில் நிற்கவில்லை.

எக்ஸெல் ஷீட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். அதில் என்ன எண் போடுவதென்று தெரிந்தவங்க சொல்லுங்க.