மழை அந்தப் பக்கம்... நாம இந்தப் பக்கம்!

ஜூலையில கோவா ரூம் வாடகை தடாலடியா குறையும். உடனே, ‘மச்சி, கிளம்பலாம்’னு கை தூக்குவீங்கதானே? எங்க கேங்ல அஞ்சு பேர் தூக்கிட்டோம். ஆறாவது ஆள் மட்டும் கேட்டா, ‘‘அங்க போய் கடல்ல கால் நனைக்க முடியுமா?’’ ஆறு மாசம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. கேக்கத்தானே செய்வா!

பதில் ரொம்ப சிம்பிள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைப் புரட்டி எடுக்கும். கோவா, கோகர்ணம், கோவளம்... எங்கேயும் அலை ஆளை இழுக்கும். கோவா பீச்சுல சிவப்புக் கொடி பறக்கும். மணல்ல போட்ட குடில் கடைகளைக்கூட மழைக்கு முன்னாடியே பிரிச்சுடுவாங்க. வாடகை சும்மா குறையலை பாஸ்!

அந்த மழையில பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையே வாங்கிக்குது. அதனால, அப்போ நம்ம கிழக்குக் கரையில பெரும்பாலும் வெயில்தான். எப்பவாவது சாயங்காலம் இடியோட ஒரு மழை. எங்க ஓட்டு தரங்கம்பாடிக்கு! 1620-ல் டேனிஷ்காரங்க கட்ட ஆரம்பிச்ச கோட்டை, பக்கத்துலயே கடல், மயிலாடுதுறையில இருந்து பஸ். ஆனா, இங்கேயும் அலைகிட்ட வம்பு வேணாம், கால் நனைச்சா போதும்.

டிசம்பர் லீவுன்னா கணக்கு தலைகீழ். வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம்ம பக்கம் வரும். அப்போ கோவாவுக்கு டிக்கெட் போடுங்க!

வாடகை எவ்வளவு குறையுதுன்னு பார்க்காதீங்க, ஏன் குறையுதுன்னு கேளுங்க. அப்படிக் கேக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தர் இருந்தா, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு அவங்களுக்குத்தான்!