டைனோசர் பொய்... வாத்து நிஜம்!

'ஜுராசிக் பார்க்' பார்க்காதவங்க கையைத் தூக்குங்க... யாருமில்லையா? 1993-ல் வந்த அந்தப் படத்தின் பல காட்சிகளை எடுத்தது கவாய் தீவில். எழுத்துப் பிழை இல்லீங்க! ஹவாய் தீவுக் கூட்டத்தில் ஒரு தீவோட பேரு கவாய். படத்தில் ஓடின டைனோசர்கள் எல்லாம் பொம்மையும் கிராஃபிக்ஸும்தான். ஆனா, அதே தீவு மண்ணுக்குள்ள, நிஜமாவே தொலைஞ்சுபோன ஒரு ஜீவன் புதைஞ்சு கிடந்தது. வாங்க, பார்த்துட்டு வரலாம்.

தென்கரையில், கடலுக்குப் பக்கத்திலேயே மகாவுவாஹி குகை. குனிஞ்சு, கிட்டத்தட்ட தவழ்ந்துதான் நுழையணும். உள்ளே போய் நிமிர்ந்தா... அட, தலைக்கு மேல வானம்! கூரை எப்பவோ இடிஞ்சு விழுந்த சுண்ணாம்புக் குகை அது. காலுக்குக் கீழே சுமார் 10,000 வருஷத்துச் சேறு, அடுக்கடுக்காக. 1992-ல் இங்கே ஆய்வைத் தொடங்கிய டேவிட் பர்னி - லிடா தம்பதி குழுவுக்குக் கிடைத்த எலும்புகளில் நம்ம ஹீரோவும் உண்டு.

பேரு வாத்து. ஆனா, பறக்காது. அலகு அப்படியே ஆமை வாய்! ஆடு, மாடு எதுவும் இல்லாத தீவு. வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டியே கிடையாது. அதனால மேய்ச்சல் வேலை முழுக்க வாத்துக்கு. துரத்த ஆளில்லாத ஊரில் இறக்கை எதுக்கு? சுருங்கிப் போச்சு.

சுமார் 1,000 வருஷம் முன்னாடி மனிதர்கள் படகில் வந்தாங்க. கூடவே பன்றி, நாய், எலி. ஓடவும் தெரியாம, பறக்கவும் முடியாம... கதை முடிஞ்சது. 1991-ல் ஸ்டோர்ஸ் ஓல்சனும் ஹெலன் ஜேம்ஸும்தான் இந்த வகை வாத்துகளுக்கு ஹவாய் மொழியில் 'மோவா நாலோ' என்று பேர் வெச்சாங்க. அர்த்தம், 'தொலைந்த கோழி'. தொலைஞ்ச பிறகு கிடைச்ச பேரு!

படத்தில் மாதிரி இதை உயிரோட கொண்டு வர முடியலை. அதுக்குப் பதிலா, குகைப் பக்கம் ஆப்பிரிக்க ஆமைகளை விட்டுக் களையை மேய வெச்சுப் பார்த்தாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஹவாய்க் காடுகளில் சயானியா என்று ஒரு செடி வகை. அதில் சில, குட்டையா இருக்கும்போது மட்டும் இலையெல்லாம் முள். உயரமா வளர்ந்ததும் முள் காணாமப் போயிடும். ஏன்னா, வாத்தின் வாய் அந்த உயரத்துக்கு எட்டாது என்கிறார்கள் சில விஞ்ஞானிகள்.

வாத்து போயிடுச்சு பாஸ்... முள் மட்டும் இன்னும் காவல் காக்குது!