மஸ்கட் வழியாக மட்டும்

2015 ஏப்ரல், சனா

சவுதி தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் ஏமன் மீது குண்டு போட ஆரம்பித்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. தலைநகர் சனா முந்தைய செப்டம்பரிலிருந்தே ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் கையில். ‘ஆபரேஷன் ராஹத்’ மூலம் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களையும் வேறு 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் வெளியே கொண்டுவந்த பிறகு, இந்தியத் தூதரகம் பூட்டப்படுகிறது. வேலைகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜிபூத்திக்கு மாறுகின்றன. இனி சனாவில் ஓர் இந்தியர் மாட்டிக்கொண்டால், நேரில் போய்க் கதவைத் தட்ட அங்கே தூதர் கிடையாது. மற்ற நாடுகள் பலவற்றுக்கும் இதே நிலைமைதான்.

2020 பிப்ரவரி, செங்கடல்

ஓமனிலிருந்து சவுதிக்குப் புறப்பட்ட சிறு கப்பல்கள் மோசமான வானிலையில் சிக்கி ஏமன் கரைப்பக்கம் ஒதுங்குகின்றன. அவற்றில் 14 இந்தியர்கள். ஹூதிகள் அவர்களைப் பிடித்துச் சனாவுக்குக் கொண்டுபோகிறார்கள். போருக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் விடுதலைச் செய்தி ஜிபூத்தித் தூதரகத்திலிருந்து வரும்போது நவம்பர் மாதக் கடைசி.

2022 ஜனவரி 2, ஏமனின் ஹொதைதா துறைமுகம் அருகே

ஐக்கிய அரபு அமீரகக் கொடியோடு போன ‘ருவாபி’ சரக்குக் கப்பல் ஹூதிகளிடம் பிடிபடுகிறது. உள்ளே 11 பேர், அதில் 7 பேர் இந்தியர்கள். ஏமனின் சொகோத்ரா தீவில் மூடப்பட்ட கள மருத்துவமனையின் சாமான்களைச் சவுதியின் ஜிசானுக்கு எடுத்துப் போனதாகச் சவுதி கூட்டணி சொல்கிறது. ஹூதிகள் வெளியிட்ட வீடியோவில் ராணுவ பாணி வண்டிகளும் ரப்பர் படகுகளும் துப்பாக்கிகளும் தெரிகின்றன. சரக்கு எதுவாக இருந்தாலும், அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாலுமிகள் இல்லை.

2022 ஜனவரி 12, நியூயார்க்

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியா அப்போது உறுப்பினர். ‘சென்னைவாசி’ நாவலை எழுதிய டி.எஸ். திருமூர்த்திதான் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி. ஏமன் பற்றிய கூட்டத்தில் அவர் வைத்த கோரிக்கை நேரடியானது: கப்பலையும் மாலுமிகளையும் உடனே விட வேண்டும், விடும் வரைக்கும் அவர்களின் பாதுகாப்புக்கு ஹூதிகள்தான் பொறுப்பு. இரண்டு நாளில் கவுன்சிலும் கண்டன அறிக்கை வெளியிட்டது. அறிக்கை சனாவை எட்டியிருக்கும். மாலுமிகள் மட்டும் வரவில்லை.

2022 ஏப்ரல் 24, மஸ்கட்

‘ருவாபி’ மாலுமிகளைக் கொண்டுவந்தது ஓமன் விமானப்படையின் விமானம். 7 இந்தியர்கள் உட்பட 14 வெளிநாட்டவர் ஓமன் தலைநகர் மஸ்கட்டில் இறங்கினார்கள். அந்த மாதம் 2-ம் தேதிதான் ஏமனில் ஐ.நா. ஏற்பாட்டில் போர்நிறுத்தம் தொடங்கியிருந்தது. ஓமன் சவுதி கூட்டணியில் சேராத வளைகுடா நாடு. ஹூதிகளின் முதன்மைப் பேச்சாளர் முகமது அப்துல்சலாம் தங்கியிருப்பதும் மஸ்கட்டில்தான். டெல்லிக்கும் சனாவுக்கும் நடுவில் நேர்ப்பாதை இல்லாததால், பேச்சு அந்த ஊர் வழியாகத்தான் போய்வர வேண்டியிருந்தது.

2023 நவம்பர் 19, செங்கடல்

‘கேலக்ஸி லீடர்’ கார் ஏற்றும் கப்பல். துருக்கியிலிருந்து குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்குக் காலியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீளமான மேல்தளம் மைதானம் மாதிரி வெறிச்சோடிக் கிடக்கிறது. அதன்மேல் ஒரு ஹெலிகாப்டர் தாழ்ந்து வருகிறது. முகமூடிக்காரர்கள் குதித்து, துப்பாக்கியை நீட்டியபடி கப்பலை ஓட்டும் அறைக்குள் நுழைகிறார்கள். அங்கே இருந்தவர்கள் கையைத் தூக்குகிறார்கள். எல்லாவற்றையும் படம்பிடித்து மறுநாள் ஹூதிகளே வெளியிட்டார்கள்.

இது யாருடைய கப்பல்? கொடி பஹாமாஸ் நாட்டினுடையது. வாடகைக்கு எடுத்து ஓட்டியது ஜப்பானின் என்.ஒய்.கே. நிறுவனம். உரிமை, பிரிட்டனை ஒட்டிய மேன் தீவில் பதிவான ஒரு கம்பெனியிடம். அந்தக் கம்பெனிக்கு ஓர் இஸ்ரேலியத் தொழிலதிபரோடு தொடர்பு உண்டு. காசா போரை எதிர்த்து இஸ்ரேல் தொடர்புடைய கப்பல்களைக் குறிவைத்த ஹூதிகளுக்கு அந்தக் கடைசி இழை போதுமானதாக இருந்தது. இஸ்ரேல் உடனே இது தன் கப்பல் இல்லை என்றது. உள்ளே இருந்த 25 பேரில் இஸ்ரேலியர் ஒருவர்கூட இல்லை. பிலிப்பைன்ஸ்காரர்கள் 17, உக்ரைனியர்கள் 3, பல்கேரியர்கள் 2, மெக்சிகோக்காரர்கள் 2, ருமேனியர் 1. ஆக, ஐந்து தலைநகரங்கள் தனித்தனியாகக் கவலைப்பட வேண்டியதாயிற்று. பிடித்தவர்களுக்கோ இந்த ஐந்து நாடுகளோடும் சண்டையே கிடையாது.

2023 டிசம்பர், ஹொதைதா கடற்கரை

கப்பல் சுற்றுலாத்தலமாகிவிட்டது. ஆட்கள் படகில் வந்து ஏறுகிறார்கள், மேல்தளத்தில் நடக்கிறார்கள், போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாலுமிகளின் கதி பாலஸ்தீனத் தரப்பின் முடிவைப் பொறுத்தது என்கிறார்கள் ஹூதிகள். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருக்கும் ஓர் அதிகாரி இதற்கு என்ன பதில் சொல்வார்? காசாவில் போரை நிறுத்துவது அவர் கையில் இல்லையே.

2024 ஜனவரி 10, நியூயார்க்

பாதுகாப்பு கவுன்சிலின் 2722-ம் தீர்மானம் நிறைவேறுகிறது. ஆதரவு 11, எதிர்ப்பு இல்லை. ரஷ்யா, சீனா, அல்ஜீரியா, மொசாம்பிக் நாலும் வாக்களிக்காமல் ஒதுங்கின. கப்பல்களைத் தாக்குவதை நிறுத்த வேண்டும், ‘கேலக்ஸி லீடர்’ கப்பலையும் மாலுமிகளையும் விட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இது அரசியல் விளையாட்டு என்று ஹூதிகள் தள்ளிவிட்டார்கள். அடுத்த இரண்டு நாளுக்குள் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் ஏமனைத் தாக்க ஆரம்பித்தன. இப்போது மாலுமிகளின் குடும்பங்களுக்குப் பிடித்தவர்களை நினைத்தும் பயம், மேலே பறப்பவர்களை நினைத்தும் பயம்.

2025 ஜனவரி 22, மஸ்கட்

காசாவில் போர்நிறுத்தம் அமலுக்கு வந்து மூன்றே நாளில் 25 பேரும் விடுதலை. மீண்டும் ஓமன் விமானம், மீண்டும் மஸ்கட். பிடிபட்டு 430 நாள் ஆகியிருந்தது. ஏமனுக்கான ஐ.நா. தூதர் ஹான்ஸ் குருண்ட்பெர்க் விடுதலையை வரவேற்றார். மறுநாளே ஹூதிகள் தங்கள் பகுதியில் ஐ.நா. ஊழியர்கள் இன்னும் சிலரைப் பிடித்து அடைத்தார்கள். அங்கே தன் ஆட்களின் நடமாட்டத்தை ஐ.நா. நிறுத்திவைத்தது.

2025 ஜூலை, செங்கடல்

ஆளில்லாத ‘கேலக்ஸி லீடர்’ மீது இஸ்ரேல் குண்டு போடுகிறது. அதில் ரேடார் வைத்து ஹூதிகள் கப்பல்களைக் கண்காணித்தார்கள் என்பது இஸ்ரேல் சொன்ன காரணம். அதே வாரம் கிரேக்க நிறுவனம் ஒன்று இயக்கிய ‘எடர்னிட்டி சி’ கப்பல் தாக்கப்பட்டு மூழ்குகிறது. உயிர் தப்பியவர்களில் பலரை ஹூதிகள் கடத்திவிட்டார்கள் என்கிறது ஏமனுக்கான அமெரிக்கத் தூதரகம். காப்பாற்றிச் சிகிச்சை கொடுத்ததாகச் சொல்கிறார்கள் ஹூதிகள். பிலிப்பைன்ஸ் வெளியுறவுத் துறை மறுபடி பட்டியல் போட உட்காருகிறது. இந்த முறை பிடிபட்டவர்களில் கப்பலின் பாதுகாப்புப் பணிக்குப் போன ஓர் இந்தியரும் உண்டு.

2025 டிசம்பர், மஸ்கட்

ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த இந்தியரும் பிலிப்பைன்ஸ் மாலுமிகளும் ஓமன் வந்து சேர்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓமன் சுல்தானகத்துக்கு நன்றி சொல்கிறது. 2022-ல் சொன்ன அதே நன்றி, அதே முகவரிக்கு. சனாவில் இந்தியத் தூதரகம் இன்னும் திறக்கவில்லை.