முயலும் முற்றத்துப் புல்லும்

முயல் வளர்க்கும் வீட்டில் முற்றத்துப் புல் நிலைக்காது என்று எங்கள் அயலில் பலர் சொல்வதுண்டு. புல் கருகுவது உண்மைதான். ஆனால் அதற்காக முயலைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. இது பற்றிய என் அனுபவத்தைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாங்கள் 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பினோம். வளவில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. மாரி மழை மண்ணை அரித்துச் செல்லாதிருக்க முற்றத்தில் அறுகம்புல் பதித்தேன். தகப்பனை இழந்த என் மகள் அந்நாட்களில் யாரோடும் பேசுவதில்லை. உறவினர் ஒருவர் இரண்டு பெண் முயல்களைக் கொடுத்தார். அவற்றோடுதான் அவள் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினாள்.

சில மாதங்களில் புல்லில் ஆங்காங்கே மஞ்சள் திட்டுகள் தோன்றின. "முயலை ஆருக்காவது குடுத்துவிடு பிள்ளை, முற்றம் பாழாகப் போகுது" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. எனக்கோ மகளின் முகந்தான் கண்முன் நின்றது.

அந்தத் திட்டுகளை உற்றுப் பார்த்தேன். நடுவில் புல் கருகியிருந்தது. ஓரத்திலோ மற்ற இடங்களைவிடச் செழித்திருந்தது. யூரியாவை ஒரே இடத்தில் கொட்டினாலும் இப்படித்தான் நடக்கும். முயலின் சலத்தில் நைதரசனும் உப்புகளும் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சல்லவா? பரவி விழுந்தால் பசளை, ஓரிடத்தில் தேங்கினால் நஞ்சு.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையிலேயே சலம் கழிக்கும். தின்றுகொண்டே கழிப்பதும் அதன் பழக்கம். ஆகவே அந்த மூலையில் ஒரு பழைய பேசினை வைத்து, பத்திரிகைத் தாளும் வைக்கோலும் பரப்பி, தின்னும் புல்லையும் அதன் பக்கத்திலேயே வைத்தோம். நாள்தோறும் வைக்கோலை மாற்றுவது மகளின் வேலை. மாற்றாவிட்டால் எழும் கார நெடி முயலின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கூடாது. பேசினில் படியும் வெள்ளைக் கறை வினாகிரி ஊற்றித் தேய்த்தால் போய்விடும்.

முயலை முற்றத்தில் மேயவிடும்போது அடியில்லாத கம்பிக் கூட்டினுள் விட்டு, தினமும் இடம் மாற்றுவோம். சலம் விழுந்த இடத்தில் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவோம். கருகிய இடங்களில் பட்ட புல்லைக் கிளறி எடுத்து, நன்றாக நீர்விட்டுப் புதிய அறுகை நட்டோம். மாரி தொடங்க அது பிடித்துக்கொண்டது.

கழித்த வைக்கோல் எருக்குழிக்குப் போகும். சேரும் சலத்தில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கத்தரி, மிளகாய்ச் செடிகளின் அடியில் மாலையில் ஊற்றுவேன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எங்கள் தோட்டத்துக்கு இது பெரிதும் கைகொடுத்தது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். முயற்கூட்டையும் எருக்குழியையும் கிணற்றுக்கு அருகில் வைக்காதீர்கள். கழிவிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல கிணறுகளில் இது மிகுதியாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் கரைத்த மாப்பால் கைக்குழந்தைக்கு ஆபத்தானது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

புல்லை மீண்டும் நடலாம். பிள்ளையின் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் ஒரு சீவனை அப்படித் திருப்பிக் கொண்டுவர முடியாது. இரண்டையும் ஒரே வளவில் வைத்துக் காப்பாற்ற ஒரு பேசினும் ஒரு வாளி தண்ணீரும் போதும், தோழியரே.