நாலு காப்பும் மூன்று வட்டமும்

2003இல் முதுமாணி ஆய்வுக்காக நயினாதீவிலுள்ள எங்கள் வீட்டுக்கே பேட்டி எடுக்கப் போனேன். கொழும்பில் தீவார் நடத்திய குடும்பக் கடைகள்தான் தலைப்பு. அப்பா புறக்கோட்டையில் 1971இல் திறந்த பலசரக்குக் கடை 1983 ஜூலையில் எரிந்தது. அடுத்த வருசமே அதே தெருவில் திரும்பத் திறந்தார்.

என் கையில் மூன்று வட்டங்கள் இருந்தன. ஹார்வர்டில் ரெனாட்டோ தஜியூரியும் ஜோன் டேவிஸும் 1970களின் இறுதியில் வரைந்தவை: குடும்பம், உரிமை, தொழில். ஒன்றையொன்று வெட்டும்போது ஏழு பகுதி வரும். அப்பா நடுவில். கடையில் நின்ற மாமா, குடும்பமும் தொழிலும் சேருமிடத்தில். ஊரிலிருந்து வந்த பொடியன்கள் தொழிலில் மட்டும். அம்மாவைக் குடும்பத்துக்குள் மட்டும் போட்டிருந்தேன்.

"கடை ஆற்றை, அப்பா?"

"பேர் என்ரை. காசு ஆற்றை எண்டு கொம்மாட்டைக் கேள்."

அம்மா றங்குப்பெட்டியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தா. மட்டை தேய்ந்துபோயிருந்தது. உள்ளே பென்சிலில், சீதனக் காப்புகளை அடைவு வைத்த திகதியும் மீட்ட திகதியும். 1971இல் நாலு காப்பு. 1984இல் நாலு காப்பும் தாலிக்கொடியும். மீட்டதற்கெல்லாம் எதிரே ஒரு சரி. கடைசி வரிக்கு எதிரே சரி இல்லை.

சொத்தைப் பிரிக்க, வழிவழி வந்த முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று எங்களிடமும் ஒரு மூன்று இருந்தது. 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிவைத்த தேசவழமை என்ற எங்கள் வழக்குச் சட்டம் இந்தப் பிரிப்பில்தான் நிற்கிறது. சொத்து எவர் பக்கத்தால் வந்தது என்பதை அது முதலில் பார்க்கும். கலியாணத்துக்குப் பிறகு தேடியதில் மனைவிக்கும் பங்குண்டு. அதற்காக அதைப் போற்றவும் எனக்கு மனமில்லை. மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென்று சொன்னதும் எங்கள் சட்டம்தான்.

இவ்வளவும் தெரிந்தும் ஆய்வேட்டில் அம்மாவை இடம் மாற்றவில்லை. வினாக்கொத்தில் அடைவுக்கு இடமில்லை, பென்சில் எழுத்தைப் பரீட்சகர் ஆதாரமாக ஏற்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. படம் வடிவாக இருந்தது, குழப்ப மனம் வரவில்லை. நல்ல புள்ளியும் கிடைத்தது.

கட்டிய பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாது. மட்டையைத் தடவிவிட்டு, "என்ரை பேர் எங்கை கிடக்கு?" என்று கேட்டா. நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கொப்பியைப் பற்றி உள்ளே ஒரு வரியும் இல்லையென்று இன்றுவரை சொல்லவில்லை.