ஒரு கோல் போதும்

வங்காளத்துக்குப் படிக்க வந்த தமிழனுக்கு ஓர் உண்மை சீக்கிரமே விளங்கிவிடும்: குளக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி அல்லர். எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் ஒரே ஒரு கோலுக்குத்தான் காணும். எதை வாங்குவது?

குளம் ஒன்றுதான், குடியிருப்பவர்களோ மூன்று மாடியில் வாழ்கிறார்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில் உலவும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். ஆகவே தக்கை கட்டியும் போட வேண்டும், ஈயக்குண்டு கட்டி அடியிலும் போட வேண்டும். வேலைக்கு ஒரு கோல் வாங்குவது பணக்காரர் சமாசாரம்.

கடைக்காரர் தடித்து விறைத்த கோல் ஒன்றை நீட்டி, "பெரிய மீனுக்கு இதுதான்" என்றார். உடன் வந்த வங்காளி நண்பர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். வெளியே வந்ததும் காரணம் சொன்னார். கோலின் வேலை விறைத்து நிற்பதன்று, வளைந்து கொடுப்பது. மீன் துள்ளி இழுக்கும்போது அந்த அதிர்ச்சியைக் கோல் வாங்கிக்கொள்ளாவிட்டால், நரம்பு அறுந்துவிடும். நமக்கு ஒரு மீன் நஷ்டம். மீனுக்கோ வாயில் முள்.

இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. கோலின் அடியைக் கிடையாகப் பிடித்து, நரம்பின் முனையில் எடை கட்ட வேண்டும். நுனி நேர் கீழாக வளைய எவ்வளவு எடை வேண்டுமோ, அதுவே கோலின் பலம். 1952-இல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 ராத்தல், அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கெண்டை ஒன்றைப் பிடித்தார். அவர் கையில் இருந்தது, மூங்கில் சிம்புகளை ஒட்டித் தாமே வடிவமைத்த 10 அடிக் கோல். அதன் பலம் வெறும் ஒன்றரை ராத்தல்தான்!

இதைக் கேட்டபின் எனக்கு மயக்கம் தெளிந்தது. 11 அடி நீளமுள்ள கார்பன் இழைக் கோல் ஒன்றை வாங்கினேன். பலம் ஒன்றே கால் ராத்தல். பலத்தை ஐந்தால் பெருக்கினால் பொருத்தமான நரம்பு கிடைக்கும் என்பது பழைய வாய்பாடு. அதன்படி 6 ராத்தல் தாங்கும் நரம்பு. படித்துறையை ஒட்டிய பாசிக்கு அப்பால் தக்கையைப் பிடித்து நிறுத்த அந்த நீளம் உதவுகிறது. மூன்று துண்டாகக் கழற்றிச் சைக்கிளிலும் கட்டிவிடலாம். எறும்பு முட்டையை இரையாக வைத்து, ஒரே மாலையில் தக்கையில் ஒரு ரோகுவும் அடியில் ஒரு மிர்காலும் பிடித்திருக்கிறேன்.

வெங்காயத்தாமரை மண்டிய குளத்தில் 10 கிலோ கட்லாவை மறிக்க இந்தக் கோல் ஆகாது. அங்கே நான் தூண்டில் போடுவதில்லை. மீனின் வாயில் முள்ளை விட்டுவிட்டு வருவதில் என்ன வீரம் இருக்கிறது?

கோல் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கனவில் வரும் மீனுக்காக வாங்காதீர்கள். வாரந்தோறும் உங்கள் குளத்தில் கடிக்கும் மீனுக்காக வாங்குங்கள்.